தோலைக் காத்தால் சிகிச்சை தொடரும்

சென்ற நவம்பர் மாதத்தில் ஒரு நாள், என் சித்தியை உயிர்வாழ்வுச் சான்று பதிவதற்காக நான் பணியாற்றும் கிளைக்கே அழைத்து வந்திருந்தேன். அவர் பள்ளிவாசல் மலைச்சரிவில் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஆண்டுக்கொரு முறை இந்தச் சான்றைப் பதிந்தால்தான் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் தடையின்றி வரும். விரலை ரேகைக் கருவியின்மீது வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று மாற்றிப் பார்த்தோம். ஒன்றும் பதியவில்லை.

கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனிகள் ஒவ்வொன்றிலும் மெல்லிய கத்தியால் கீறியது போன்ற வெடிப்புகள். கண்ணாடியில் அழுத்தும்போதெல்லாம் அவர் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏன் சித்தி சொல்லவில்லை?" என்றேன். "சொன்னா மாத்திரையை நிறுத்தச் சொல்லிருவீங்களோன்னு பயந்தேன் தம்பி" என்றார்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஏழெட்டு மாதங்களுக்கு முன் நாங்களே ஒரு முறை அந்த மாத்திரையை நிறுத்தியிருந்தோம்.

அம்மை என்று எண்ணிய பன்னிரண்டு நாட்கள்

சித்திக்கு நுரையீரலில் புற்றுநோய். வாழ்நாளில் புகை பிடித்தவர் அல்லர். கட்டியிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்ததில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. ஆசிய நாட்டவர், பெண்கள், புகைப்பழக்கம் இல்லாதோர் ஆகியோரின் நுரையீரல் புற்றுநோயில் இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த மாற்றத்தையே குறிவைத்துத் தாக்கும் மாத்திரை ஒன்றை நாளுக்கு ஒன்று வீதம் உட்கொள்ளும்படி மருத்துவர் எழுதித் தந்தார். ஊசி இல்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை, முடி உதிராது என்று கேட்டதும் குடும்பமே மகிழ்ந்தது.

ஒன்பதாம் நாள் மூக்கின் இருபுறமும் சிவந்தது. இரண்டு நாட்களில் முகம், கழுத்து, மார்பு, முதுகின் மேற்பகுதி எங்கும் சீழ்முத்துகள் போன்ற கொப்புளங்கள் நிறைந்தன. பக்கத்து லயத்திலிருந்து பார்க்க வந்த மூதாட்டி, "ஆத்தா இறங்கியிருக்கா" என்றார். வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. அம்மை கண்ட உடம்புக்கு மருந்து ஆகாது என்னும் வழக்கப்படி மாத்திரையும் நின்றது. அன்பினாலும் அச்சத்தினாலும் செய்த காரியம் அது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. மருத்துவமனையில் கொடுத்த குறிப்புத்தாளில் இந்தக் கொப்புளங்களைப் பற்றி எழுதித்தான் இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த வீட்டில் அந்தத் தாள் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டுவிட்டது.

பன்னிரண்டு நாட்கள் கழித்தே எனக்குச் செய்தி எட்டியது. அழைத்துக்கொண்டு ஓடினோம். மருத்துவர் முகத்தைப் பார்த்ததும், "இது அம்மை இல்லை அம்மா. மருந்து செய்கிற வேலை. இதை நாம் அடக்கலாம். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது" என்றார். களிம்பும் வேறொரு மாத்திரையும் எழுதித் தந்து, சில நாட்களில் சிகிச்சையை மீண்டும் தொடங்கினார். மூன்று மாதங்களுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. ஆயினும் அந்தப் பன்னிரண்டு நாட்களும் தவிர்த்திருக்கக்கூடியவை என்னும் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. வணிகவியல் படித்த நான் அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை நம் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புற்றைத் தாக்கும் மருந்து தோலை ஏன் தொடுகிறது?

வழக்கமான கீமோதெரபி, வேகமாகப் பெருகும் செல்கள் அனைத்தையும் தாக்கும். இலக்குசார் மருந்துகளோ, புற்றுச் செல்லின் வளர்ச்சிக்குக் கட்டளையிடும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பூட்டிவிடுகின்றன. ஈ.ஜி.எஃப்.ஆர். அத்தகைய ஒரு புரதம். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அழைப்பு மணி என்று இதைக் கருதலாம். மணி ஒலித்தால் செல் பெருகும். இந்த மணியை ஒலிக்கச் செய்யும் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தவர் ஸ்டான்லி கோஹன். அவருக்கும் ரீட்டா லெவி மொண்டால்சினிக்கும் வளர்ச்சிக் காரணிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1986 ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதே அழைப்பு மணி நம் தோலின் அடியடுக்கிலும், மயிர்க்கால்களிலும், எண்ணெய்ச் சுரப்பிகளிலும், நகத்தின் வேரிலும் இருக்கிறது. தோல் நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கு அது தேவை. மருந்து புற்றுக்கட்டியில் உள்ள மணியைப் பூட்டும்போது தோலில் உள்ளதையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. விளைவாகத் தோல் மெலிந்து, ஈரத்தைத் தக்கவைக்கும் ஆற்றலை இழக்கிறது. மயிர்க்கால்களைச் சுற்றி அழற்சி தோன்றுகிறது. கொப்புளத்துக்குள் சீழ்போல் தெரிவது பெரும்பாலும் தொடக்கத்தில் கிருமியால் உண்டானதன்று, அழற்சியால் உண்டானது. ஆகவே இது பிறருக்குத் தொற்றாது. நோயாளியைத் தனி அறையில் வைக்க வேண்டியதில்லை. பேரக்குழந்தைகள் அருகில் வரலாம். இந்த ஒரு செய்தியை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டாலும் பல வீடுகளில் வீண் துயரம் குறையும்.

எந்த மருந்துக்கு எந்தத் தொல்லை?

நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஜெஃபிடினிப், எர்லோடினிப், அஃபாடினிப் ஆகிய மாத்திரைகளும், பெருங்குடல் மற்றும் தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பயன்படும் செடக்சிமாப், பெருங்குடலுக்கான பானிடுமுமாப் ஆகிய ஊசி மருந்துகளும் ஈ.ஜி.எஃப்.ஆர். வகையைச் சேர்ந்தவை. ஓசிமெர்டினிப் என்னும் பிற்கால மாத்திரை, மாற்றமடைந்த புரதத்தையே பெரிதும் நாடுவதால் தோல் தொல்லை சற்றுக் குறைவாக இருக்கும், முற்றிலும் இல்லாமற்போவதில்லை.

இவற்றின் விளைவுகளுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. முதல் இரண்டு வாரங்களுக்குள் முகத்திலும் மார்பிலும் கொப்புளங்கள் தோன்றும். அவை தணியத் தொடங்கும் வேளையில் தோல் வறண்டு அரிக்கும். ஒன்றிரண்டு மாதங்களில் நகங்களைச் சுற்றி வீங்கி வலிக்கும். இதனை நகச்சுற்று என்கிறோம். விரல் நுனிகளிலும் குதிகாலிலும் வெடிப்புகள் வரும். சில மாதங்களில் கண்ணிமை முடிகள் நீண்டு சுருண்டு கண்ணை உறுத்தக்கூடும். சித்தியின் விரல் வெடிப்பு இந்த அட்டவணையில் முன்பே எழுதப்பட்டிருந்த ஒன்றுதான். நாங்கள் அதைப் படித்திருக்கவில்லை.

கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப், சுனிடினிப் போன்ற மாத்திரைகள் வேறு வகையில் தோலைத் தொடுகின்றன. உடலின் எடையும் உராய்வும் விழும் இடங்களில், அதாவது குதிகால், பாதத்தின் முன்பகுதி, விரல் மடிப்புகள் ஆகியவற்றில், தோல் தடித்துச் சிவந்து மிதிக்க முடியாத அளவுக்கு வலிக்கும். இது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தோன்றும். இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரையில் கண்ணைச் சுற்றி வீக்கமும், சிலருக்குத் தோல் நிறம் வெளுப்பதும் உண்டு.

வந்தபின் மருந்தா, வருமுன் காப்பா?

எங்கள் துறையில் கடன் வாராக்கடனாகும்வரை காத்திருந்து பின் வசூலிக்கப் புறப்படுபவரை நல்ல அலுவலர் என்று யாரும் சொல்வதில்லை. முதல் தவணை தவறும் அறிகுறி தெரியும்போதே பேச வேண்டும். தோல் விஷயத்திலும் அதே கணக்குப் பொருந்துகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பானிடுமுமாப் ஊசி பெறும் 95 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஸ்டெப் என்னும் ஆய்வு 2010 இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு, முதல் ஊசிக்கு முந்தைய நாளிலிருந்தே நான்கு காரியங்கள் தொடங்கப்பட்டன: ஈரப்பதக் களிம்பு, வெயில் தடுப்புக் களிம்பு, 1 விழுக்காடு ஹைட்ரோகார்டிசோன் களிம்பு, டாக்சிசைக்ளின் மாத்திரை. மற்றொரு பிரிவினருக்குத் தொல்லை வந்தபின் சிகிச்சை தரப்பட்டது. ஆறு வாரங்களில், நடுத்தர அல்லது கடுமையான தோல் பாதிப்பு இரண்டாம் பிரிவில் 62 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது. முன்கூட்டியே காத்துக்கொண்ட பிரிவில் அது 29 விழுக்காடே.

நுரையீரல் புற்றுநோய்க்கு அமிவான்டாமாப், லாசெர்டினிப் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்துத் தரும்போது தோல் பாதிப்பு மிகுதி. அங்கும் முன்காப்பு முறையைப் பின்பற்றியபோது, முதல் 12 வாரங்களில் நடுத்தர அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்பு ஏறத்தாழ 77 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாகக் குறைந்ததாக 2025 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சோராஃபெனிப் உட்கொள்ளும் கல்லீரல் புற்றுநோயாளிகள் 871 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வில், 10 விழுக்காடு யூரியா கலந்த களிம்பைத் தொடக்கம் முதலே பூசியவர்களில் கை, கால் பாதிப்பு 73.6 விழுக்காட்டிலிருந்து 56 விழுக்காடாகக் குறைந்தது. யூரியா என்றதும் சித்தி, "தோட்டத்துக்குப் போடுற உரமா?" என்று சிரித்தார். பெயர் ஒன்றுதான். களிம்பில் குறைந்த அளவில் சேரும்போது அது தோலில் நீரைப் பிடித்துவைத்துத் தடிப்பை மென்மையாக்குகிறது.

நம் நாட்டிலிருந்தும் ஒரு நல்ல செய்தி உண்டு. கேப்சிடபின் என்பது இலக்குசார் மருந்தன்று, கீமோதெரபி மாத்திரை. ஆயினும் உள்ளங்கை, உள்ளங்கால்களைச் சிவந்து உரியச் செய்வதில் பெயர்பெற்றது. புது தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 264 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தி 2024 இல் முடிவை வெளியிட்டனர். மூட்டுவலிக்குப் பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல்லை நாளுக்கு இருமுறை கைகளில் பூசியவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கே நடுத்தர அல்லது கடுமையான பாதிப்பு வந்தது. மருந்தில்லாத ஜெல்லைப் பூசியவர்களில் அது 15 விழுக்காடு. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் எளிய பொருளால் இந்தப் பலன். ஆனால் இம்முடிவு கேப்சிடபினுக்கு உரியது. பிற மருந்துகளுக்கு நாமாக இதை நீட்டித்துக்கொள்ளலாகாது.

முன்காப்பு என்றால் ஒரு கொப்புளமும் வராது என்று பொருளன்று. எர்லோடினிப் உட்கொள்வோரிடம் கனடாவில் நடந்த ஆய்வில், மினோசைக்ளின் தரப்பட்டாலும் தரப்படாவிட்டாலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கொப்புளம் வந்தது. ஆனால் கடுமையான நிலை, சிகிச்சை இல்லாத பிரிவில் 28 விழுக்காடாகவும், முன்கூட்டியே தந்த பிரிவில் 12 விழுக்காடாகவும், கொப்புளம் வந்தவுடன் தந்த பிரிவில் 8 விழுக்காடாகவும் இருந்தது. முன்னதாகவோ வந்தவுடனேயோ கவனிப்பது பயன் தரும். பொறுத்துக்கொண்டு இருப்பதுதான் கூடாது என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம்.

மலைநாட்டில் இருவகை இடர்

கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940 இல் இயங்கத் தொடங்கிய ஊர் என்ற பெருமை பள்ளிவாசலுக்கு உண்டு. அதன் மேலே உள்ள மூணாறு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரும் பனிமூட்டமும் உள்ள இடத்தில் வெயில் தடுப்புக் களிம்பு எதற்கு என்று எவருக்கும் தோன்றும். ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. மெல்லிய மேகத்தை அது எளிதில் ஊடுருவும். 2025 மார்ச்சு மாதத்தில் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட புற ஊதாக் குறியீட்டு எச்சரிக்கைகளில் மூணாறும் இடம்பெற்றது. உடம்பு சுடவில்லை என்பதால் கதிர் இல்லை என்று கருதக் கூடாது.

இரண்டாவது இடர் குளிர். குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும், அடுப்பங்கரையில் அமர்ந்து குளிர் காய்வதும் மலைநாட்டு வழக்கம். இரண்டும் தோலில் எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பசையையும் நீக்கி வறட்சியை மிகுவிக்கும். கொழுந்து பறித்துக் கறையேறி, ஏற்கெனவே வெடித்த விரல்களுக்கு இது மேலும் துன்பம். சமவெளியில் வாழ்வோருக்கு இதற்கு மாறாக வியர்வையும் புழுக்கமும் இடராகும். மெல்லிய பருத்தி ஆடை இரு சாராருக்கும் ஏற்றது.

வீட்டில் செய்ய வேண்டியவை

மருந்து தொடங்கும் நாளிலேயே, இயன்றால் அதற்கு முன்பே, கீழ்க்கண்டவற்றைத் தொடங்கலாம்.

1. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிக்கவும். வாசனையற்ற மென்மையான சோப்பைப் பயன்படுத்தவும். பீர்க்கங்கூடு, நார் கொண்டு தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுக்கவும்.

2. உடலில் ஈரம் உலருமுன் வாசனையற்ற ஈரப்பதக் களிம்பைப் பூசவும். காலை, இரவு என இருவேளையும் தவறாமல் செய்யவும். கை, கால்களுக்கு யூரியா கலந்த களிம்பு ஏற்றது. வெடிப்பு ஏற்பட்ட இடத்தில் அது எரியும். அங்கே பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகப் பூசிப் பருத்திக் கையுறை அணிந்து உறங்கலாம்.

3. பகலில் வெளியே செல்லுமுன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பைப் பூசவும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசவும். குடை, முழுக்கைச் சட்டை, முந்தானை ஆகியவையும் துணைபுரியும்.

4. நகங்களை நேராக வெட்டவும். ஒட்ட வெட்ட வேண்டாம். பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் உள்ளே பருத்திக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையும் அணியவும். விரலை நெருக்கும் காலணி, இறுக்கமான பூட்ஸ் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

5. சோராஃபெனிப் போன்ற மருந்து தொடங்குவோர், பாதத்தில் ஏற்கெனவே காய்ப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டி முன்னரே நீக்கிக்கொள்ளவும். மெத்தென்ற காலணி அணியவும். முதல் சில வாரங்களில் நெடுந்தொலைவு நடப்பதைக் குறைக்கவும்.

6. டாக்சிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் மாத்திரையும் ஸ்டீராய்டு களிம்பும் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே பயன்படுத்தவும். டாக்சிசைக்ளினை நிறைய நீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கவும். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை அதனுடன் சேர்க்க வேண்டாம். அம்மாத்திரையும் வெயிலைத் தோல் தாங்காதவாறு செய்யும் என்பதால் வெயில் காப்பில் கூடுதல் கவனம் தேவை.

செய்யக் கூடாதவையும் உண்டு. பார்வைக்கு முகப்பருவைப் போல் இருப்பதால் பலர் பருக்களிம்பை வாங்கிப் பூசுகின்றனர். அது தோலை மேலும் உலர்த்தி எரியச் செய்யும். எலுமிச்சைச் சாறு, படிகாரம், சந்தனத்துடன் ஏதேதோ கலந்த விழுதுகள், கொப்புளத்தைக் கிள்ளிவிடுதல் ஆகியவை வேண்டா. முகம் வெளுக்கும் என்று கடைகளில் தரப்படும் வீரியமிக்க ஸ்டீராய்டு கலவைக் களிம்புகள் மிகவும் தீங்கானவை. வேப்பிலையை வாசலில் வைப்பதால் தீங்கு ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்துவதில்தான் தீங்கு.

எப்போது உடனே செல்ல வேண்டும்?

காய்ச்சல், கொப்புளங்களில் மஞ்சள் பொருக்கு, பெருகும் வலி, நகச்சுற்றில் சீழ் ஆகியவை கிருமித்தொற்றின் அறிகுறிகள். வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் புண், தோல் பரவலாக நீர்கோத்து உரிதல், கண் சிவந்து ஒளியைப் பார்க்க இயலாமை ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாதிப்பு கடுமையாக இருந்தால் மருத்துவரே மருந்தைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, பின்னர் அதே அளவிலோ குறைத்தோ தொடங்குவார். அது திட்டமிட்ட இடைவெளி. நாமாக நிறுத்துவதற்கும் அதற்கும், தவணையைக் கேட்டுப் பெற்று ஒத்திவைப்பதற்கும் சொல்லாமல் தவறவிடுவதற்கும் உள்ள வேறுபாடு உண்டு. கொப்புளம் வந்தவர்களுக்கு மருந்து நன்கு வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. எனினும் கொப்புளம் வராதவர்கள் மருந்து பலிக்கவில்லை என்று கலங்க வேண்டியதில்லை. பலனை ஸ்கேன்தான் சொல்லும்.

செலவும் ஆவணங்களும்

வங்கி இதழில் எழுதுவதால் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. இலக்குசார் மருந்துகளின் விலை ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. சோராஃபெனிப் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்தபோது, 2012 மார்ச்சில் நம் நாட்டின் முதல் கட்டாய உரிமம் வழங்கப்பட்டு, 8,880 ரூபாய்க்கு அது கிடைக்க வழி பிறந்தது. 2019 இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்தை 30 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. கேரளத்தில் 2024 ஆகஸ்டு முதல் காருண்யா மருந்தகங்களில் மாவட்டத்துக்கு ஒன்றாக, இலாபமின்றிப் புற்றுநோய் மருந்து வழங்கும் பிரிவுகள் திறக்கப்பட்டன. மருந்து வாங்குமுன் அங்கு விலையைக் கேட்டறிவது நன்று.

மருத்துவக் காப்பீடு உள்ளோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்வழிக் கீமோதெரபியும், ஊசியாகச் செலுத்தும் மோனோகுளோனல் எதிர்பொருள் சிகிச்சையும் காப்பீட்டிலிருந்து விலக்கப்படலாகாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தால் 2019 இல் சேர்க்கப்பட்டுள்ளன. எனினும் உள்வரம்புத் தொகை இருக்கக்கூடும். பாலிசியைப் படித்துப் பாருங்கள். ஈரப்பதக் களிம்பும் வெயில் தடுப்புக் களிம்பும் அழகுப் பொருள்களாகக் கருதப்பட்டு மறுக்கப்படாதிருக்க, அவற்றையும் மருத்துவர் தம் சீட்டில் எழுதும்படி கேட்டுக்கொள்வது உதவலாம்.

பழைய வரிமுறையைத் தேர்ந்தோருக்கு, 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவு, புற்றுநோய் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகனாயின் 1,00,000 ரூபாய் வரையும் கழிவு அளித்தது. காப்பீட்டில் பெற்ற தொகை இதில் குறைக்கப்படும். சிறப்பு மருத்துவரின் சீட்டு தேவை. புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளமையால் வரி ஆலோசகரிடம் உறுதிசெய்துகொள்க.

இறுதியாக, விரல்ரேகை. கேப்சிடபின் உட்கொண்ட ஒரு சிங்கப்பூர்ப் பயணி, கைவிரல் ரேகை அழிந்ததால் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணிநேரம் நிறுத்திவைக்கப்பட்டதை 2009 இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. நம் ஊரில் அதே சிக்கல் ஆதார் வழிப் பணம் எடுக்கும் இடத்தில் நேரலாம். விரல் பதியாவிட்டால் ஆதார்ச் சரிபார்ப்புக்கு, சேவையைப் பொறுத்து, கண்மணி, முகம், கைப்பேசி ஒருமுறை எண் ஆகிய வழிகள் உள்ளன. ஆகவே ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கைப்பேசி எண் சரியாக இருக்கட்டும். உயிர்வாழ்வுச் சான்றை முகத்தைக் காட்டியே பதியும் வசதி 2021 முதல் உண்டு. கையொப்பமிட இயலாத நோயாளிகள் பணம் எடுப்பதற்குச் சாட்சிகளுடன் கூடிய நடைமுறை எல்லா வங்கிகளிலும் உள்ளது. எழுபது வயதுக்கு மேற்பட்டோரும் நடமாட இயலாதோரும் வீட்டுவாசல் சேவையைக் கேட்கலாம். கிளைக்கு வந்து வலியுடன் விரலைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியதில்லை. நோய் இருப்பதைக் கவுண்டரில் சொன்னால் போதும்.

சித்திக்கு அன்று முகத்தைக் காட்டியே சான்று பதிந்தோம். கொப்புளங்கள் அடங்கிய முகத்தைத் திரையில் பார்த்து, "இப்போ பரவாயில்லையே" என்றார். அன்று மாலையே மருத்துவரிடம் பேசி வெடிப்புக்குக் களிம்பும் கையுறையும் வாங்கினோம். மாத்திரை ஒரு நாளும் நிற்கவில்லை. குறிப்புத்தாளை நான் தமிழில் எழுதி, அவர் வீட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து லயத்து மூதாட்டிக்கும் அதைப் படித்துக் காட்டினோம்.

உங்கள் வீட்டில் எவரேனும் இத்தகைய சிகிச்சையைத் தொடங்கவிருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "தோலுக்கு இன்றிலிருந்தே நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" பதிலை உங்கள் மொழியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.